எங்கே இருக்கிறாய் என்று கேட்பது யார்?

2024-ம் ஆண்டு ஜூலை 8-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதிகள் அபய் ஓகா, உஜ்ஜல் புயான் இருவரும் ஒரு தீர்ப்பு அளித்தார்கள். போதைப் பொருள் வழக்கொன்றில் சிறைப்பட்டு ஜாமீன் கேட்ட நைஜீரியா நாட்டவர் ஒருவருக்கு டில்லி ஹைகோர்ட் விசித்திரமான நிபந்தனை ஒன்றை விதித்திருந்தது. அவர் தம் கைபேசியில் கூகுள் வரைபடத்தைத் திறந்து, தாம் இருக்கும் இடத்தைக் குறித்து, விசாரணை அதிகாரி அதைத் தெரிந்துகொள்ளும்படி செய்ய வேண்டும் என்பதே அந்த நிபந்தனை. சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்தது. ஜாமீனில் விடுதலையான ஒருவரின் ஒவ்வொரு நடமாட்டத்தையும் போலீஸ் சதா கண்காணிக்க வழிசெய்யும் நிபந்தனை, அரசியல் சட்டத்தின் 21-வது ஷரத்து காக்கும் அந்தரங்க உரிமைக்கு விரோதமானது என்று கூறியது.

நல்ல தீர்ப்பு. வரவேற்கிறோம். ஆனால் அந்தத் தீர்ப்பைப் படித்துவிட்டு வீதியில் இறங்கினால் வேறொரு காட்சி கண்ணில் படுகிறது. முதுகில் சாப்பாட்டு மூட்டையைச் சுமந்துகொண்டு, வெயிலிலும் மழையிலும் சென்னை நகரத்துச் சாலைகளில் பறக்கிறானே ஒரு வாலிபன், அவன் மீது எந்த வழக்கும் இல்லை. எந்தக் கோர்ட்டும் அவனுக்கு நிபந்தனை விதிக்கவில்லை. ஆயினும் அவன் எந்தச் சிக்னலில் நிற்கிறான், எந்த மர நிழலில் ஒதுங்கினான், எத்தனை நிமிஷம் ஒதுங்கினான் என்பதெல்லாம் கம்பெனியின் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கிறது. லொகேஷனை அணைத்தால் ஆர்டர் வராது. ஆர்டர் வராவிட்டால் அன்றைக்கு வருமானம் இல்லை.

குற்றம் சாட்டப்பட்டவனிடம் போலீஸ் கேட்கக்கூடாத ஒன்றை, குற்றமே செய்யாத தொழிலாளியிடம் முதலாளி கேட்கலாமா? இதுதான் நாம் எழுப்ப விரும்பும் கேள்வி.

இதில் மயக்கம் உண்டாக்கும் ஒரு விஷயத்தை முதலில் தெளிவுபடுத்திவிட வேண்டும். வானத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக் கோள்கள் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அந்தக் கோள்கள் வானொலி நிலையம் மணி அறிவிப்பது போல நேரத்தையும் தம் நிலையையும் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கின்றன, அவ்வளவுதான். நாலு கோள்களின் குரலைக் கேட்டு, எந்தக் குரல் எவ்வளவு தாமதமாக வந்தது என்று கணக்குப் போட்டு, "நான் இங்கே இருக்கிறேன்" என்று முடிவு செய்வது நம் கையிலிருக்கும் கைபேசிதான். சுற்றியுள்ள வை-பை பெட்டிகளும் செல்போன் கோபுரங்களும் அந்தக் கணக்குக்குத் துணை செய்கின்றன. ஆகவே, இருப்பிடம் முதன்முதலில் தெரிவது நமக்கு. அதைப் பிறருக்கு எடுத்துச் சொல்வது கைபேசியில் ஏற்றிவைத்திருக்கும் செயலிகள். கோள் காட்டிக் கொடுப்பதில்லை. கையில் வைத்திருப்பதுதான் காட்டிக் கொடுக்கிறது. இதைப் புரிந்துகொண்டால், தடுக்கக்கூடிய இடம் எது என்பதும் புரிந்துவிடும்.

எதற்காக இந்தச் செயலிகளுக்கு நம் இருப்பிடம்? வழி காட்டும் வரைபடத்துக்கு வேண்டும், ஒப்புக்கொள்கிறோம். ஆம்புலன்ஸுக்கு வேண்டும். கடலுக்குப் போன மீனவரைப் புயலுக்கு முன் எச்சரிக்க வேண்டுமானால் படகு இருக்கும் இடம் தெரிய வேண்டும். இதையெல்லாம் வேண்டாம் என்று சொல்பவன் விஞ்ஞானத்தின் விரோதி. ஆனால் டார்ச் விளக்குக்கு எதற்கு? அமெரிக்காவில் கோடிக்கணக்கானவர்கள் கைபேசியில் ஏற்றிக்கொண்ட ஒரு டார்ச் விளக்குச் செயலி, அவர்களுடைய இருப்பிடத்தை ரகசியமாக விளம்பரக் கம்பெனிகளுக்கு அனுப்பிவந்தது. 2013 டிசம்பரில் அந்நாட்டு மத்திய வர்த்தகக் கமிஷன் அதை அம்பலப்படுத்தியது. இருட்டில் வெளிச்சம் காட்டுகிறேன் என்று வந்தவன் நம் வீட்டு முகவரியை எழுதிக்கொண்டு போன கதை இது.

ஏகபோக முதலாளிகளின் யோக்கியதை இதைவிட எவ்வளவோ மேல் என்று யாராவது நினைத்தால், அவர்கள் 2018 ஆகஸ்டில் அஸோஸியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வெளியிட்ட புலனாய்வைப் பார்க்க வேண்டும். கூகுள் கணக்கில் "இருப்பிட வரலாறு" என்ற பொத்தான் இருந்தது. அதை அணைத்துவிட்டால் நாம் போன இடங்கள் சேமிக்கப்படமாட்டா என்று கம்பெனி தன் உதவிப் பக்கத்திலேயே எழுதி வைத்திருந்தது. மக்கள் நம்பி அணைத்தார்கள். அணைத்த பிறகும் சேமிப்பு நடந்தது! "இணையம் மற்றும் ஆப்ஸ் செயல்பாடு" என்ற இன்னொரு பொத்தானின் கீழ் அதே வேலை ஓடிக்கொண்டிருந்தது. முன்வாசலைப் பூட்டச் சொல்லிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்தார்கள். 2022 நவம்பரில் அமெரிக்காவின் 40 மாநிலங்களுக்கு 39 கோடியே 15 லட்சம் டாலர் கொடுத்து கூகுள் சமரசம் செய்துகொண்டது. மறு ஆண்டு கலிபோர்னியாவுக்கு 9 கோடியே 30 லட்சம் டாலர். இவ்வளவு பெரிய தொகையைக் கட்டிவிட்டும் அந்தக் கம்பெனி அசையாமல் நிற்கிறது என்றால், மக்கள் நடமாட்டத்தை விற்பதில் உள்ள லாபம் எவ்வளவு என்பது சொல்லாமலே விளங்கும்.

வாங்குபவர்கள் விளம்பரக்காரர்கள் மட்டுமல்ல. 2020 நவம்பரில் அமெரிக்கப் பத்திரிகை ஒன்று வெளியிட்ட செய்தி உலகையே திடுக்கிட வைத்தது. தொழுகை நேரமும் மெக்கா இருக்கும் திசையும் அறிவதற்காக முஸ்லிம் மக்கள் பயன்படுத்திய ஒரு செயலியின் இருப்பிடத் தகவல்கள் தரகர் வழியாகக் கை மாறி, கடைசியில் அமெரிக்க ராணுவத்தின் ஒப்பந்தக்காரர்களைச் சென்றடைந்தன என்பது அந்தச் செய்தி. பக்தன் திசை கேட்டான். தரகன் அவன் இருக்கும் திசையை விற்றுவிட்டான். சந்தையில் ஒரு சரக்கு விற்பனைக்கு வந்துவிட்டால், யார் வாங்குவார்கள் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது.

நம் நாட்டுக்கு வருவோம். இங்கே இந்தக் கண்காணிப்பு யார் தோளில் முதலில் ஏறியது? லட்சக்கணக்கில் சம்பளம் வாங்கும் பெரிய உத்தியோகஸ்தர்களின் தோளிலா? சண்டிகர் நகரில் 2020-ல் ஜி.பி.எஸ். கடிகாரம் கட்டப்பட்டது துப்புரவுத் தொழிலாளியின் மணிக்கட்டில். குப்பை அள்ளும் கையுறையும் ஒழுங்கான காலணியும் கேட்டவர்களுக்குக் கடிகாரம் கிடைத்தது! ஹரியானாவில் 2021-ல் கண்காணிப்புச் செயலியை ஏற்றச் சொன்னது, ஊர் ஊராக நடந்து கர்ப்பிணிகளைக் கவனிக்கும் ஆஷா பெண் ஊழியர்களிடம். அவர்கள் மறுத்தார்கள், சங்கமாகத் திரண்டு போராடினார்கள். நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் எல்லா வேலைத் தலங்களிலும், இடமும் நேரமும் பதிந்த புகைப்படத்தை நாளுக்கு இரண்டு முறை செயலியில் ஏற்றினால்தான் வருகைப் பதிவு என்று மத்திய சர்க்கார் கட்டாயமாக்கியது. சிக்னல் கிடைக்காத காட்டிலும் மேட்டிலும் வெட்டிய மண் அப்படியே இருந்தது. படம் ஏறாததால் கூலி போயிற்று. மண்வெட்டி பிடித்த கையில் காய்ப்பு இருப்பது சாட்சியாகாதாம், செயலி சொல்வதுதான் சாட்சியாம்!

ஊழலை ஒழிக்கத்தான் இது என்று சொன்னார்கள். கான்டிராக்டர் எங்கே இருக்கிறார், கள்ளக் கணக்கு எழுதிய அதிகாரி எங்கே போனார் என்று காட்டும் செயலி ஏதும் வந்ததாக நமக்குத் தெரியவில்லை.

தமிழ்நாட்டு மக்களுக்கு இது முற்றிலும் புதிய அனுபவமல்ல. வெள்ளைக்கார சர்க்கார் 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1911-ல் அதை விரித்துச் சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவந்தது. மதுரை ஜில்லாவின் பிரமலைக் கள்ளர் உள்ளிட்ட பல சமூகத்தாரின் கைரேகையைப் பதிவு செய்தார்கள். பதிவானவன் இரவில் போலீஸ் சொல்லும் இடத்தில் ஆஜராக வேண்டும். வெளியூர் போவதென்றால் சீட்டு வாங்கவேண்டும். பிறந்த பிள்ளைக்கு நோய் என்றாலும், கட்டிய பெண்டாட்டி தனியே கிடந்தாலும் விதிவிலக்கு இல்லை. 1920 ஏப்ரல் 3-ம் தேதி பெருங்காமநல்லூர் கிராமத்து மக்கள் கைரேகை வைக்க மறுத்தார்கள். துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. ரத்தம் சிந்தி மாண்டார்கள். நீண்ட கிளர்ச்சிக்குப் பிறகு 1947-ல் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. அந்தக் கொடுமையையும் கைபேசிச் செயலியையும் நாம் ஒரே தராசில் வைக்கவில்லை. அங்கே துப்பாக்கி இருந்தது, இங்கே இல்லை. ஆனால் "நீ எங்கே இருக்கிறாய் என்பதை நான் கேட்கும்போதெல்லாம் சொல்ல வேண்டும், நான் எங்கே இருக்கிறேன் என்று நீ கேட்கக்கூடாது" என்கிற உறவு இருக்கிறதே, அது அப்போதும் சமமானவர்களுக்கிடையே இருந்த உறவல்ல, இப்போதும் அல்ல.

சரி, கைபேசியை வைத்திருக்கும் சாதாரண மனிதன் இன்றைக்கே என்ன செய்யலாம்? தத்துவம் பேசிவிட்டு இதைச் சொல்லாமல் விடுவது சரியல்ல. நமது வாசகர்களில் பலர் தம் பிள்ளைகளிடம் கைபேசியைக் கொடுத்து "பார்த்துக் கொடு" என்று சொல்பவர்கள். பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து இதைச் சேர்ந்தே செய்யலாம்.

ஆண்ட்ராய்டு கைபேசியில் "அமைப்புகள்" என்பதற்குள் "இருப்பிடம்" என்ற பகுதி இருக்கிறது. அதனுள் எந்தெந்தச் செயலிக்கு அனுமதி கொடுத்திருக்கிறோம் என்ற பட்டியல் இருக்கும். அதைத் திறந்து பாருங்கள். இதை எழுதுமுன் எமது காரியாலயத்தில் ஒரு தோழரின் கைபேசியில் திறந்து பார்த்தோம். கடன் தருகிறேன் என்று வந்த செயலி, காலண்டர், பிள்ளைகள் விளையாட்டு ஒன்று, எல்லாம் வரிசையாக நின்றன. எப்போது அனுமதி கொடுத்தோம் என்றே அவருக்கு நினைவில்லை. ஏற்றும்போது வந்த கேள்விக்கெல்லாம் "சரி, சரி" என்று விரலை வைத்ததன் விளைவு. ஒவ்வொன்றுக்கும் எதிரே எப்போதும் அனுமதி, பயன்படுத்தும்போது மட்டும் அனுமதி, ஒவ்வொரு முறையும் கேட்டு அனுமதி, அனுமதி இல்லை என்று பல நிலைகள் உண்டு. "எப்போதும்" என்று இருப்பதுதான் ஆபத்து. கைபேசி சட்டைப் பையில் உறங்கும்போதும் அந்தச் செயலி விழித்திருக்கும். வரைபடத்துக்குப் பயன்படுத்தும்போது மட்டும் போதும். காலண்டருக்கும் டார்ச்சுக்கும் வேண்டியதே இல்லை.

அதே இடத்தில் "துல்லியமான இருப்பிடம்" என்று இன்னொரு பொத்தான் இருக்கிறது. ஐபோனில் 2020 முதலும், ஆண்ட்ராய்டில் 2021 முதலும் வந்திருக்கிறது. அதை அணைத்தால் நீங்கள் நிற்கும் கதவிலக்கம் போகாது. ஆண்ட்ராய்டில் ஏறக்குறைய 3 சதுர கிலோமீட்டர் வட்டாரம் மட்டுமே போகும். மழை வருமா என்று சொல்லும் செயலிக்கு உங்கள் பேட்டை தெரிந்தால் போதாதா? உங்கள் கூரை தெரிந்தால்தான் மழையைச் சொல்லுமா?

பிறகு, கூகுள் கணக்கில் முன்னே சொன்ன கதையை மறக்க வேண்டாம். பூட்டு இரண்டு. "காலவரிசை" என்பது ஒன்று, "இணையம் மற்றும் ஆப்ஸ் செயல்பாடு" என்பது மற்றொன்று. இரண்டையும் திறந்து பார்த்து, வேண்டாதவற்றை நிறுத்தி, பழையதை அழிக்க வேண்டும்.

வாட்ஸப்பில் நேரடி இருப்பிடம் அனுப்பும் வசதியை நாம் குறை சொல்லமாட்டோம். இரவு ஷிப்டு முடிந்து பஸ் ஏறும் பெண் தன் தங்கைக்கு அனுப்பினால் அது தைரியம். 15 நிமிஷம், 1 மணி, 8 மணி என்று அளவு வைத்து அனுப்பலாம், நடுவிலே நிறுத்தவும் செய்யலாம். அனுப்புவது அவள், நிறுத்துவதும் அவள். அதனால்தான் அது நியாயம். ஆனால் அதே வசதியை மனைவியின் கைபேசியில் தானே ஏற்றிவைத்து, "எங்கே போனாய், ஏன் அரைமணி தாமதம்" என்று கேட்கும் கணவர்களும் இருக்கிறார்கள். சங்கக் கூட்டத்தில் கம்பெனிக் கண்காணிப்பை எதிர்த்து முழங்கிவிட்டு வீட்டில் போய் இதைச் செய்பவருக்கு நாம் சொல்வது ஒன்றுதான். வீட்டில் நீர் செய்வதும் மேனேஜர் உமக்குச் செய்வதும் ஒரே காரியம். முதலில் அதை அணையும்.

இவ்வளவு செய்தாலும் முழுப் பாதுகாப்பு வந்துவிடும் என்று நாம் ஏமாற்றமாட்டோம். கைபேசி பேச வேண்டுமானால் ஏதாவது ஒரு கோபுரத்தோடு தொடர்பு வைத்தே தீரவேண்டும். எந்தக் கோபுரம் என்பதைக் கம்பெனி எழுதி வைத்துக்கொள்ளும். அமெரிக்காவில் கொள்ளை வழக்கொன்றில் ஒருவருடைய 127 நாள் நடமாட்டத்தை, 12,898 புள்ளிகளாக, கோபுரக் கணக்கிலிருந்தே போலீஸ் எடுத்துவிட்டது. 2018 ஜூனில் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட், இப்படி எடுப்பதற்கு நீதிபதியின் வாரண்ட் வேண்டும் என்று 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. நம் நாட்டில் 2021 டிசம்பரில் டெலிபோன் இலாகா, அழைப்புக் கணக்குகளைக் குறைந்தது இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று கம்பெனிகளுக்கு உத்தரவிட்டது. அதைக் கேட்டு வாங்க இங்கே நீதிபதியின் வாரண்ட் கட்டாயமில்லை.

இந்தக் கோபுரக் கணக்கும் போதாது என்று எண்ணியவர்கள் இருந்தார்கள். கைபேசிகளில் செயற்கைக் கோள் வழி இருப்பிடத்தைப் பயனாளி அணைக்கவே முடியாதபடி செய்ய வேண்டும் என்று டெலிபோன் கம்பெனிகளின் சங்கம் யோசனை கூறியதாகவும், சர்க்கார் அதைப் பரிசீலிப்பதாகவும் 2025 டிசம்பரில் செய்தி வந்தது. அணைக்க முடியாத விளக்கு! அதே வாரத்தில்தான், ஒவ்வொரு புதிய கைபேசியிலும் சர்க்காரின் சஞ்சார் சாத்தி செயலியை ஏற்றியே விற்க வேண்டும் என்ற உத்தரவும் வெளிச்சத்துக்கு வந்தது. நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பியது. டிசம்பர் 3-ம் தேதி உத்தரவு வாபஸ் ஆயிற்று. பொத்தானைத் தட்டி அணைத்ததால் அல்ல, மக்கள் வாயைத் திறந்ததால் அது வாபஸ் ஆயிற்று என்பதைக் கவனிக்க வேண்டும்.

2017 ஆகஸ்டு 24-ல் சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்புக் கூறினார்கள். அதற்கு ஆறு ஆண்டு கழித்து, 2023 ஆகஸ்டில், பார்லிமெண்ட் டிஜிட்டல் சொந்தத் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. விதிகள் வருவதற்கு 2025 நவம்பர் ஆயிற்று. அப்போதும் முக்கியமான ஷரத்துகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்தார்கள். சட்டத்தின் பெயர் பாதுகாப்பு. ஆனால் அதன் 7-வது பிரிவை வாசியுங்கள். வேலை சம்பந்தமான காரியங்களுக்காகவும், முதலாளியை நஷ்டத்திலிருந்து காப்பதற்காகவும் தொழிலாளியின் தகவலை அவன் சம்மதமின்றியே பயன்படுத்தலாம் என்று எழுதியிருக்கிறது. 17-வது பிரிவில், மத்திய சர்க்கார் குறிப்பிடும் சர்க்கார் ஸ்தாபனங்களுக்குச் சட்டத்திலிருந்தே விலக்கு அளிக்க வழி இருக்கிறது. கடையில் சாமான் வாங்கப் போகும் தொழிலாளிக்கு ஓரளவு பாதுகாப்பு. அதே தொழிலாளி வேலைக்குப் போனால் பாதுகாப்பு பறந்துவிடுகிறது.

வேறு வழியே இல்லையா? இருக்கிறது. 2024-ல் ஐரோப்பிய யூனியன், செயலிவழித் தொழிலாளர்கள் பற்றி ஒரு கட்டளையை நிறைவேற்றியது. தொழிலாளி வேலை செய்யாத நேரத்திலும், வேலைக்குத் தயாராக இல்லாத நேரத்திலும் அவனைப் பற்றிய எந்தத் தகவலையும் கம்பெனி திரட்டக்கூடாது என்று அது கூறுகிறது. உறுப்பு நாடுகள் அதைத் தங்கள் சட்டமாக்க 2026 டிசம்பர் 2 வரை கெடு. அதே 2024-ல், நவம்பர் மாதம், இத்தாலி நாட்டுத் தகவல் பாதுகாப்பு அதிகாரிகள் குளோவோ குழுமத்தைச் சேர்ந்த உணவு விநியோகக் கம்பெனிக்கு 50 லட்சம் யூரோ அபராதம் போட்டார்கள். செயலி பின்னணியில் கிடக்கும்போதும்கூட விநியோகத் தொழிலாளர்களின் இருப்பிடம் மூன்றாம் கம்பெனிகளுக்குப் போய்க்கொண்டிருந்தது என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. அங்கேயும் முதலாளிகள் தர்மவான்கள் அல்ல. தொழிலாளர்கள் வீதியில் நின்றும் கோர்ட்டில் நின்றும் பல ஆண்டு வாதாடிப் பெற்றது இது.

தமிழ்நாட்டில் செயலிவழித் தொழிலாளர்களுக்கென நலவாரியம் ஏற்பட்டிருக்கிறது. இன்ஷூரன்ஸும் உதவித் தொகையும் அவசியம்தான். அத்தோடு நிற்காமல் இருப்பிடப் பிரச்னையையும் அந்த வாரியத்தின் மேஜைக்குக் கொண்டுவர வேண்டும். வேலை முடிந்தது என்று தொழிலாளி செயலியில் குறித்த நொடியே கண்காணிப்பு நிற்க வேண்டும். எவ்வளவு நாள் இந்தக் கணக்கை வைத்திருப்பார்கள், யாருக்குக் கொடுப்பார்கள் என்பதைத் தமிழில் எழுதித் தரவேண்டும். எங்கோ நின்றான் என்ற ஒரே காரணத்தால், விளக்கம் கேட்காமல், கணக்கை முடக்கி வயிற்றிலடிக்கக் கூடாது. இதே கணக்கைத் தொழிலாளி கேட்டால் அவனுக்கும் தரவேண்டும். விபத்து நடந்த அன்று அவன் வேலையில்தான் இருந்தான் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேறில்லை. நஷ்டஈடு கேட்டு வரும் குடும்பத்திடம் மட்டும் அந்தத் தகவல் கிடைக்காது என்று கம்பெனி கை விரிக்க முடியாதபடி அது இருக்க வேண்டும்.